பிரைமர் சொல்வதை நம்பலாமா?

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால், குன்னூர், வெலிங்டன் தாண்டி அருவங்காடு வரும். துப்பாக்கிகளுக்கான உந்துமருந்தை நூறாண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் கார்டைட் தொழிற்சாலை அங்கேதான் உள்ளது.

அத்தகைய மருந்து எரிகையில் தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் எவ்வளவு? 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 2,400 மடங்கு வரை போகலாம். அதற்குமேல் ஆபத்து. உள்ளே எட்டிப் பார்க்க முடியாதல்லவா? ஆகவே, வெற்றுக்கூடுகளில் மீண்டும் மருந்து நிரப்புவோர், சுட்ட கூட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகக் கிண்ணம் பதிந்திருக்கும். அதுதான் பிரைமர், ஊசி இடித்ததும் தீப்பொறி தருவது. அழுத்தம் மிஞ்சினால் அதன் உருண்ட விளிம்பு தட்டையாகும். ஊசிக்குழியைச் சுற்றி வயல்வரப்புபோல் மேடு எழும்.

ஆனால் மெல்லிய கிண்ணம் சாதாரண அழுத்தத்திலேயே நசுங்கிவிடும். கூட்டுக்குப் பின்னால் இடைவெளி மிகுந்தாலும் நசுங்கும். தடித்த கிண்ணமோ எல்லை மீறிய பின்பும் வாய் திறக்காது. கைத்துப்பாக்கியில் இது சகஜம். "பிரைமர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று இன்னும் சிறிது மருந்து சேர்த்தால் விரல்கள் போகும்!

நசுங்கலைக் கொண்டு அழுத்தத்தை அறிய முடியாதா? முடியும், நசுங்கும் பொருளை முன்பே சோதித்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ நோபிள் 1860-களில் செய்தது அதையே. ஒரே அளவுள்ள செம்பு உருளைகள். எவ்வளவு விசைக்கு எவ்வளவு குறுகும் என்ற அட்டவணை. சுட்டபின் நீளத்தை அளந்தால் போதும்.

செம்பு உச்ச அழுத்தத்தை மட்டுமே சொல்லும். இன்றைய சோதனைக்கூடங்களில், அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகம் உண்டு. அவ்விளைவை 1880-இல் கண்டவர்கள் கியூரி சகோதரர்கள். ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை அது கோடாகவே வரைந்துவிடும்.