உள்ளத்திற்கும் மருத்துவர் உண்டு

மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் சென்று, கடற்கரை நோக்கிப் புறப்படும் மின்சார இரயிலில் ஏறுவோர், அடுத்த நிலையத்திலேயே 'தாம்பரம் சானடோரியம்' என்னும் பெயர்ப் பலகையைக் காண்பர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே ஏறி இறங்குகின்றனர். கொடிய நோய் ஒன்றிற்கென எழுந்த மருத்துவமனையின் பெயரையே அந்நிலையம் தாங்கி நிற்கிறது என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? அந்தப் பெயரைச் சொல்ல இன்று எவரும் கூசுவதில்லை.

ஒரு காலத்தில் கூசினர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து என்பவர் காசநோயாளருக்கென அங்கே ஒரு நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். 1937இல் சென்னை மாகாண அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் காசநோய் என்றால் குடும்பமே தலைகுனியும். இருமலை மறைப்பர், அவ்வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவர், நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுவர். 1940களில் மருந்து வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி மையம், மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், நோயாளி தம் வீட்டிலிருந்தபடியே, சானடோரியத்தில் தங்கியிருப்பவரைப் போலவே குணமடைவார் என்று உலகிற்கு மெய்ப்பித்தது. மருந்து நோயைத் தணித்தது; அறிவு வெட்கத்தைத் தணித்தது.

இதே சென்னையில் இன்னொரு பெயர் உண்டு: கீழ்ப்பாக்கம். 1794இல் இந்நகரில் மனநோயாளருக்கெனத் தொடங்கப்பட்ட காப்பகம், 1871 முதல் அங்கே இயங்கி வருகிறது. அது அமைந்துள்ள சாலைக்கு மேடவாக்கம் டேங்க் சாலை என்றே பெயர். நம்மூர் அங்கிருந்து வெகு தொலைவில் இருப்பினும் பெயர் ஒன்றே! அக்காப்பகத்தின் பொறுப்பை 1961 முதல் 1978 வரை வகித்த டாக்டர் சாரதா மேனன் அம்மையார், ஓய்வு பெற்ற பின்னரும் ஓயாமல், மனச்சிதைவு நோயாளரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்குமென 1984இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 2021இல் அவர் மறையும்வரை இப்பணியே அவர் வாழ்வாக இருந்தது. ஆயினும் 'உன்னைக் கீழ்ப்பாக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்' என்பது இன்றும் நம் வீடுகளில் கேலிப் பேச்சு. இந்தக் கேலி எத்தனை பேரை மருத்துவரின் வாசற்படி ஏறவிடாமல் தடுத்திருக்கிறது!

பாவமா, பேயா, நோயா?

மேடவாக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். இன்று அடுக்குமாடிகளின் ஊர். சோழிங்கநல்லூர்க் கணினி நிறுவனங்களில் இரவுப் பணி முடித்து, விடியலில் உறங்கச் செல்லும் இளைஞர்; பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய கதவுக்குள் தனித்து வாழும் முதியோர்; நகரின் ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டுப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள்; 2015ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின், வானம் இருண்டாலே நெஞ்சு படபடக்கும் தாய்மார். இவர்கள் எல்லாரும் நம் அண்டை அயலார்.

இவர்களுள் ஒருவருக்கு உறக்கம் கெடுகிறது, உணவு கசக்கிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வீட்டார் என்ன செய்கின்றனர்? முதலில் 'சோம்பல்' என்று கடிந்துகொள்கின்றனர். அடுத்து, 'கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்கின்றனர். அதன் பின், 'சாமி, பிள்ளைக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள், மந்திரித்துக் கொடுங்கள்' என்று பங்குக் குருவிடம் வருகின்றனர். மருத்துவர் நினைவுக்கு வரும்போது ஆண்டுகள் சில ஓடிவிடுகின்றன. 2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயது வந்தோரில் 100க்கு ஏறத்தாழ 10 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் துன்புறுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்பதே அவ்வாய்வு கண்ட பெருந்துயரம்.

மறைத்து வைப்பதன் முடிவு என்ன என்பதைத் தமிழகம் ஒருமுறை கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர், தப்பி ஓட வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் எல்லாரும் அன்பில்லாதவர்களா? அல்லர். வேறு வழி அறியாதவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. ஆனால் வெட்கம் என்னும் சங்கிலியைச் சட்டம் அறுக்க இயலாது. நாமே அறுக்க வேண்டும்.

'நம்பிக்கை இருந்தால் மனச்சோர்வு வருமா?' என்று சிலர் வினவுவர். எலியாவைவிட நம்பிக்கை மிகுந்தவர் யார்? அவரே பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, சாவை வேண்டினார். இறைத்தூதர் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பிறகே பயணம்; அதன் பிறகே இறைவனின் மெல்லிய குரல். உடலைப் பேணாமல் உள்ளத்தைத் தேற்ற முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வார் உளரோ?

திருச்சபையும் இதில் விழிப்பாகவே இருக்கிறது. பேயோட்டும் சடங்கு முறையை 1999இல் புதுப்பித்து வெளியிட்டபோது, நோயைப் பேய் என மயங்காதிருக்கவும், தேவையானால் மருத்துவ வல்லுநரைக் கலந்துகொள்ளவும் உரோமை அறிவுறுத்தியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தம் 42ஆம் வயதில், அர்ஜென்டினாவில், உளப்பகுப்பாய்வு செய்யும் யூதப் பெண்மணி ஒருவரிடம் வாரம் ஒருமுறை, ஆறு மாத காலம் சென்று வந்ததை 2017இல் வெளியான நேர்காணல் நூலில் தாமே எடுத்துரைத்தார். ஒரு குருவாக இருந்துகொண்டே அவர் அவ்வாறு சென்றார், வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

யாரிடம் செல்வது?

ஒப்புரவு அருள்சாதனத்தில் குரு பாவத்தை மன்னிக்கிறார். மனச்சோர்வு பாவமன்று, ஆதலின் அதை மன்னிக்க இயலாது, மருத்துவம்தான் செய்ய வேண்டும். குரு செவிமடுக்கலாம், செபிக்கலாம், வழிகாட்டலாம். மருத்துவரின் இடத்தை அவர் எடுத்துக்கொள்ளலாகாது.

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் படிப்பு முடித்து, மனநோய்த் துறையில் மேற்படிப்புப் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர் இவரே. உளவியலாளர் என்பவர் உளவியல் கற்றுத் தேர்ந்தவர், மருந்து தருவதில்லை, உரையாடலாலும் பயிற்சியாலும் உதவுகிறார். மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுவோர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'தங்கள் பதிவு எண் என்ன?' என்று பணிவுடன் கேட்டறிவதில் தவறில்லை. சிலருக்கு உரையாடல் போதும். சிலருக்கு மருந்தும் வேண்டும். பலருக்கு இரண்டும் சேர்ந்தே பயன் தருகின்றன.

உளவியலாளரின் அறையில் அஞ்சத் தக்கது எதுவும் இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுவீர்கள். எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, வீட்டில் நிலைமை என்ன என்று கேட்பார். உங்களைச் சுழற்றும் எண்ணங்களை இனங்கண்டு, அவை உண்மைதாமா என்று சோதிக்கக் கற்றுத் தருவார். அடுத்த வாரத்திற்குள் செய்து வரவேண்டிய சிறு பயிற்சி ஒன்றையும் கொடுப்பார். நீங்கள் சொன்னதை மறைவாகவே காப்பார்; உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் மட்டுமே உரியவரிடம் தெரிவிப்பார். ஒரே சந்திப்பில் எல்லாம் தீர்ந்துவிடும் என எண்ண வேண்டா. மனச்சோர்வுக்கான மருந்தும் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். 'சரியாகிவிட்டது' என்று நீங்களாகவே அதை நிறுத்திவிடலாகாது.

எப்போது செல்வது? துயரமோ, பதற்றமோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் வேலையையும் கெடுக்குமானால் காலம் தாழ்த்த வேண்டா. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய் ஓயாது அழுதாலும், இல்லாத குரல் கேட்பதாக ஒருவர் சொன்னாலும், சாவைப் பற்றிப் பேசினாலும் அன்றே செல்லுங்கள். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கத்திலும் ஏழை எளியோர்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. இருந்த இடத்திலிருந்தே பேச விரும்புவோர்க்கு, 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட 'டெலி மனாஸ்' தொலைபேசிச் சேவை உண்டு. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். 1986இல் டாக்டர் இலட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' அமைப்பும் தற்கொலை எண்ணத்தால் தவிப்போர்க்குச் செவிசாய்த்து வருகிறது.

நாள்தோறும் பேண வேண்டியவை

நோய் வந்த பின் மருத்துவரை நாடுவது ஒன்று. நலமாக இருக்கும்போதே உள்ளத்தைப் பேணுவது மற்றொன்று. இதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. குறித்த நேரத்தில் உறங்கி, குறித்த நேரத்தில் எழுங்கள். இரவுப் பணியாளர் பகலில் உறங்கும்போது, வீட்டார் வானொலியையும் தொலைக்காட்சியையும் அடக்கி வைப்பதும் ஓர் அன்புப் பணியே. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள். குடி கவலையை மறக்கச் செய்வதுபோல் தோன்றும். ஆனால் உறக்கத்தைக் கெடுத்துச் சோர்வைப் பெருக்கும். நாளொன்றுக்கு ஒரு வேளையேனும் குடும்பமாக அமர்ந்து உண்ணுங்கள். அப்போது மதிப்பெண்ணைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசாதிருங்கள். ஞாயிறு ஓய்வு இறைவன் நமக்கு இட்ட சுமையன்று; நமக்கு அளித்த மருந்து.

குடும்பத்தார் கடமை

உங்கள் மகனோ மருமகளோ 'மனசு சரியில்லை' என்று சொன்னால், 'எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?' என்று வாயடைக்காதீர்கள். இருந்தது, சொல்ல வழியில்லாதிருந்தது. குறுக்கிடாமல் கேளுங்கள். சாகும் எண்ணம் உண்டோ என்ற ஐயம் எழுந்தால், 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சுமையை இறக்கிவைக்க வழி திறக்கும். தனியே விடாதீர்கள்; மருத்துவரிடம் கூடவே செல்லுங்கள்.

அத்தகைய இழப்பு ஏற்கெனவே நேர்ந்துவிட்ட வீடுகளுக்கும் ஒரு சொல். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்துகொண்டோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அத்தடை இல்லை. கடும் மன வேதனை மனிதரின் பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. ஆகவே அவ்வீட்டாரைச் சுட்டிக்காட்டிப் பேசாதீர்கள். அவர்களுக்கும் ஆறுதல் வேண்டும். சில வேளை அவர்களுக்கும் மருத்துவர் வேண்டும்.

காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய பின் செபிப்பதில் நாம் முரண்பாடு காண்பதில்லை. உள்ளத்தின் காய்ச்சலுக்கும் அவ்வாறே செய்வோம். இம்மாதம் உங்கள் வீட்டில் எவரேனும் வாடியிருப்பதைக் கண்டால், இந்த இதழை மடித்து வைத்துவிட்டு, அவர் அருகில் சென்று அமருங்கள்.