நீரிழிவும் மாவுச்சத்தும்: தட்டில் எவ்வளவு?

உணவில் உள்ள மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றில் ரத்தச் சர்க்கரையை நேரடியாகவும் வேகமாகவும் ஏற்றுவது கார்போஹைட்ரேட் எனப்படும் மாவுச்சத்துதான். சோறு, இட்லி, சப்பாத்தி, கிழங்கு, பழம், வெல்லம் என எந்த வடிவில் உள்ளே போனாலும் செரிமானத்தில் அது பெரும்பாலும் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின்தான் அந்தக் குளுக்கோஸைத் தசையிலும் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் கொண்டு சேர்க்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் திசுக்கள் இன்சுலினுக்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. உள்ளே வரும் குளுக்கோஸைக் குறைத்தால், இருக்கும் இன்சுலினே ஓரளவு சமாளித்துவிடும். மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

மருத்துவ உலகுக்கு இது புதிய யோசனை அல்ல. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரான ஜான் ரோலோ, நீரிழிவு கண்ட அதிகாரி ஒருவருக்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவைக் கொடுத்து, நோய் தணிந்த விவரத்தை 1797-ல் நூலாக வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன், உணவை, குறிப்பாக மாவுச்சத்தை, மிகக் கடுமையாகக் குறைத்து நோயாளிகளின் ஆயுளைச் சற்றே நீட்டினார். 1921-ல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்தக் கடுமைக்குத் தேவை இல்லாமல் போனது. பின்னர், மாரடைப்புக்குக் கொழுப்பே காரணம் என்ற அச்சம் பரவிய காலத்தில், நீரிழிவு நோயாளிகளுக்கும் கொழுப்பைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டும் ஆலோசனையே வழங்கப்பட்டது. அந்தப் போக்கு இப்போது மாறியிருக்கிறது. உணவில் மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்கே ரத்தச் சர்க்கரையைச் சீராக்கும் சான்றுகள் அதிகம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்து கொண்ட உணவை ‘குறைந்த மாவுச்சத்து உணவு’ என்று பொதுவாக வகைப்படுத்துகிறார்கள். 20 முதல் 50 கிராம் என்பது ‘மிகக் குறைந்த’ அளவு. கீட்டோ உணவுமுறை இந்த வகையைச் சேர்ந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் இந்தியரின் தட்டு வெகு தொலைவில் இருக்கிறது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்ட ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியர்கள் உண்ணும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-ல் தெரிவித்தது.

ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்கிட்டால் இது புரியும். ஒரு இட்லியில் சுமார் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காலையில் நான்கு இட்லி என்றால் ஏறத்தாழ 45 கிராம். மதியம் சாம்பார், ரசம், மோர் என மூன்று முறை சோறு போட்டுக்கொள்பவரின் தட்டில் 300 கிராம் சோறாவது சேரும்; அதில் மட்டும் 80 கிராமுக்கு மேல். உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் சேர்ந்தால் 100 கிராமைத் தொட்டுவிடும். இரவுத் தோசை, மாலை பஜ்ஜி, காபியில் போடும் சர்க்கரை எல்லாம் கூட்டினால் நாள் கணக்கு 200 கிராமைத் தாண்டும். அதே மதிய உணவில் சோற்றை 100 கிராமாக, அதாவது ஒரு சிறு கிண்ணமாகக் குறைத்து, முட்டைகோஸ் பொரியல், கீரை மசியல், கொஞ்சம் பருப்பு, இரண்டு முட்டை அல்லது ஒரு துண்டு மீன், தயிர் என்று நிரப்பினால் மாவுச்சத்து 50 கிராமுக்குள் அடங்கும், வயிறும் நிறையும்.

பலர் சறுக்குவது மாற்று உணவில்தான். சர்க்கரை என்று தெரிந்ததும் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கோ கேழ்வரகுக் கஞ்சிக்கோ மாறுவது வழக்கம். 100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், முழுக் கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67 கிராம் இருக்கிறது. கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்து, குழையக் காய்ச்சிக் குடிக்கும் கஞ்சி விரைவில் செரித்துவிடுவதால் அந்த அனுகூலம் குறைந்துபோகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ சேர்ப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறையவில்லை என்றே அந்த 2025 ஆய்வும் காட்டியது. வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். பழத்தைச் சாறாகப் பிழிவதைவிட, கொய்யா போன்ற பழத்தை அளவோடு கடித்துத் தின்பதே மேல்.

குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதும் முக்கியம். சுரை, புடலை, வெண்டை, கத்தரி, கீரை வகைகளைத் தாராளமாகச் சேர்க்கலாம். புரதத்துக்கு முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, பனீர், தயிர், சோயா உண்டு. சுண்டலிலும் பருப்பிலும் புரதத்தோடு மாவுச்சத்தும் இருப்பதால் அவற்றைக் கணக்கில் வைக்க வேண்டும். ஒரு கைப்பிடி நிலக்கடலையோ பாதாமோ மாலைப் பசிக்குப் போதும். நெய், வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றால் ஈடுகட்டினால் சிலருக்கு எல்டிஎல் கொழுப்பு ஏறிவிடும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணிகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

பலன் எவ்வளவு? 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரையின்படி, ஆறு மாத முடிவில் குறைந்த மாவுச்சத்து உணவு உண்டவர்களில் 57 சதவீதத்தினருக்கு, சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்தது. மற்ற உணவுமுறைகளில் அது 31 சதவீதம். இவர்களில் மருந்து எடுத்துக்கொண்டவர்களும் அடக்கம். ஓராண்டு ஆனபோது இந்த அனுகூலம் பெரிதும் தேய்ந்துவிட்டது. மிகக் கடுமையான கட்டுப்பாட்டை நெடுநாள் காப்பது கடினம் என்பதால், இந்தியர்களுக்கு நடுத்தரமான குறைப்பே ஏற்றது என்று கருதுவோர் உண்டு. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்கு நோய் தணிய வேண்டுமானால் கலோரியில் 49 முதல் 54 சதவீதம் மாவுச்சத்து, 19 முதல் 20 சதவீதம் புரதம் என்ற விகிதத்தை ஐசிஎம்ஆர்-இண்டியாப் குழு 2022-ல் பரிந்துரைத்தது.

மருந்து சாப்பிடுபவர்கள் தாமாகவே மாவுச்சத்தைச் சட்டென்று குறைக்கக் கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, மருந்தின் அளவு பழையபடியே இருந்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே சரியலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் ஆகியவை அறிகுறிகள். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் மாத்திரைகளோடு மிகக் குறைந்த மாவுச்சத்து உணவு சேர்ந்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குப் பெருகக்கூடும். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இது நேரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

மாற்றத்தைப் படிப்படியாகச் செய்வது நல்லது: முதலில் இனிப்பும் சர்க்கரை போட்ட பானமும், அடுத்து நொறுக்குத்தீனி, பிறகு ஒவ்வொரு வேளையிலும் சோறு அல்லது டிபனில் ஒரு பங்கு. சாப்பிடும் முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவைத்தால் எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பது அவரவருக்கே தெரிந்துவிடும். தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி, அவ்வப்போது கொழுப்பு அளவு, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய பரிசோதனைகள் தேவை. அந்த முடிவுகளை வைத்துத்தான் மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா, அப்படியே தொடர்வதா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்.