வேலூர் டூ பெங்களூரு 151 கி.மீ: விமானத்தில் போனால் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

ஆலங்காயத்துக்காரங்க விமானம் ஏறணும்னா இப்போதைக்கு பெரும்பாலும் சென்னை அல்லது பெங்களூரு போகணும். பக்கத்துலயே வேலூர் அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருக்கு. மத்திய அரசின் உடான் திட்டத்திலும் அதற்கு இடம் கிடைத்தது. ஆனால், பயணிகள் சேவைக்கான காத்திருப்பு பல ஆண்டுகளாக நீள்கிறது. சரி, விமானம் பறக்க ஆரம்பித்தால் நமக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும்? வாங்க, கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

தூரம் எவ்வளவு?

நேர்கோட்டில் அளந்தால், வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 119 கி.மீ. பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையம் சுமார் 151 கி.மீ. இது வான்வழி தூரம். சாலையில் வளைந்து நெளிந்து போகும்போது இது கணிசமாகக் கூடும்.

எந்த விமானம் வரும்?

அப்துல்லாபுரம் ஓடுபாதை சுமார் 850 மீட்டர்தான். 70 பேர் போகும் ஏடிஆர்-72 விமானத்துக்கே பொதுவாக 1,300 மீட்டர் வரை தேவை. சேலத்தில் சுமார் 1,800 மீட்டர் இருப்பதால் அங்கே ஏடிஆர் இறங்குகிறது. வேலூருக்கு 19 இருக்கை கொண்ட சின்ன விமானம்தான் சரிப்படும்.

23 நிமிஷத்தில் போயிடலாமா?

டோர்னியர் 228 போன்ற சின்ன விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 400 கி.மீ. 151 கி.மீட்டரை வகுத்தால் 23 நிமிஷம். ஆனால், விமானம் கிளம்பியதுமே அந்த வேகத்தை எட்டாது. மேலே ஏறணும், இறங்கும்போது வேகம் குறைக்கணும், தேவனஹள்ளியில் தரையிறங்க வரிசையில் நிற்கணும். டிக்கெட்டில் போடும் பயண நேரம், விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் போய் நிற்பது வரைக்கும். அது எப்படியும் 40 நிமிஷத்தைத் தொடும்.

வீட்டிலிருந்து கணக்கு பண்ணினால்?

* ஆலங்காயம் - அப்துல்லாபுரம் சாலைப் பயணம்: ஒன்றரை மணி நேரம்
* முன்கூட்டியே போய் செக்-இன், சோதனை: 1 மணி நேரம்
* விமானப் பயணம்: 40 நிமிஷம்
* இறங்கி பெட்டி எடுக்க: 20 நிமிஷம்

ஆக மொத்தம் மூன்றரை மணி நேரம். வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக காரில் போனாலே நாலு, நாலரை மணி நேரத்தில் தேவனஹள்ளி போய்விடலாம். மிச்சம் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான்!

அப்போ யாருக்கு லாபம்?

பெங்களூரு சிட்டிக்குள் வேலை இருப்பவர்களுக்கு ரயிலே மேல். ஆனால் ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் நிலைமை வேறு. பெரிய விமான நிலையத்தில் இறங்கி, வெளியே வராமலே அடுத்த விமானம் மாறினால் அவர்களுக்கு அலைச்சல் குறையும்.

அதனால வேலூர் விமானம் பற்றிய அடுத்த அறிவிப்பு வரும்போது, 'எத்தனை நிமிஷம்' என்பதை மட்டும் பார்க்காதீங்க. டிக்கெட் என்ன விலை, தினமும் உண்டா, எந்த விமானத்தோடு இணைப்பு கிடைக்கும் என்பதையும் பாருங்க.