ஸ்பெகுலாஸ்

ஸ்பெகுலாஸ் என்பது நெதர்லாந்து நாட்டின் மரபுவழி மசாலா பிஸ்கட் ஆகும். பழுப்பு நிறமும் மொறுமொறுப்பும் கொண்ட இதன் மேற்பரப்பில் ஓர் உருவம் புடைப்பாகப் பதிந்திருக்கும். டிசம்பர் 5 ஆம் நாள் மாலையில் கொண்டாடப்படும் புனித நிக்கலாஸ் விழாவுக்குரிய தின்பண்டமாக இது அறியப்பட்டாலும், இன்று ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. பெல்ஜியத்தில் செய்யப்படும் ஸ்பெகுலோஸ் இதன் நெருங்கிய உறவு; அதில் மசாலா குறைவு, கருகிய சர்க்கரையின் சுவையே மேலோங்கி நிற்கும்.

பெயர்க்காரணம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. கண்ணாடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பர் சிலர். அச்சில் செதுக்கிய உருவம் இடம் வலம் மாறிப் பதிவதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். நறுமணப் பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே மூலம் என்பது மற்றொரு கருத்து.

மசாலாக் கலவை

இலவங்கப்பட்டையே கலவையில் மிகுதி. கிராம்பு, சாதிக்காய், சுக்கு, ஏலக்காய், வெண்மிளகு ஆகியன சிறிய அளவில் சேரும். அளவு வீட்டுக்கு வீடு மாறும்.

இவற்றுள் எதுவும் நெதர்லாந்தில் விளைவதில்லை. 1602 இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களே இவற்றைப் பெருமளவில் அங்கு கொண்டு சேர்த்தன. அவ்வணிகம் அமைதியாக நடந்தது அன்று. சாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளைக் கம்பனி 1621 இல் கைப்பற்றியபோது, தீவு மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அடிமைகளாக்கப்பட்டனர், அல்லது தப்பியோடினர். 1796 வரை ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கைக் கரையோரத்தில், கறுவாப் பட்டை உரித்துக் கொடுப்பது சலாகம சாதியினரின் கட்டாய ஊழியமாக இருந்தது.

அச்சுப் பலகை

உருவங்கள் மரப்பலகையில் குழிவாகச் செதுக்கப்படுகின்றன. புனித நிக்கலாஸ், காற்றாலை, கப்பல், விலங்குகள், ஆண் பெண் உருவங்கள் ஆகியவை வழக்கமானவை. பழைய பலகைகள் அருங்காட்சியகங்களில் நாட்டார் கலைப்பொருள்களாகப் பேணப்படுகின்றன.

வீட்டில் செய்யும் முறை

250 கிராம் மைதா மாவுக்கு 150 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 125 கிராம் கரும்பழுப்புச் சர்க்கரை, 10 கிராம் மசாலாத் தூள், அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை போதும். சற்றுப் பால் தெளித்து, அழுத்திப் பிசையாமல் ஒன்றுசேர்க்க வேண்டும். மிகுதியாகப் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும்.

மாவை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைப்பது இன்றியமையாதது. அதற்குள் மசாலாவின் மணம் வெண்ணெய்க் கொழுப்பில் பரவுகிறது. மாவு ஈரத்தை உறிஞ்சி இறுகுகிறது. அவசரத்தில் இதைத் தவிர்ப்பவர்களின் பிஸ்கட்டில் மசாலா தனியாகவும் இனிப்பு தனியாகவும் நாவில் படும்.

அச்சில் தூவுவதற்கு அரிசி மாவே ஏற்றது. கோதுமை மாவு ஈரம்பட்டுப் பசைபோலாகி நுண்ணிய செதுக்கல்களை அடைத்துவிடும். அச்சில் மாவை அழுத்தி, மேலே எஞ்சியதைக் கத்தியால் பலகையோடு ஒட்டிச் சீவி, பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் உருவம் விழும். விழுந்தவற்றை மீண்டும் அரை மணி நேரம் குளிரவைப்பது நல்லது. வெண்ணெய் இளகிய நிலையில் அடுப்பிற்குச் சென்றால் உருவம் பரந்து, முகம் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டுமே மிஞ்சும். பேக்கிங் பவுடர் கூடினாலும் இதே விளைவுதான்.

170 பாகை செல்சியசில் ஏறத்தாழ 20 நிமிடம் சுட வேண்டும். வெளியே எடுக்கும்போது மென்மையாக இருப்பது குறையன்று; ஆறியபின் மொறுமொறுப்பாகும்.

அச்சு இல்லாதவர்கள் மாவைத் தடித்த பாளமாகச் சுட்டுக் கையால் உடைத்து உண்பர். இரு பாளங்களுக்கிடையே பாதாம் விழுது வைத்துச் சுடும் வகையும் உண்டு. அதே மசாலா சேர்த்துச் சிறு உருண்டைகளாகச் சுடப்படுபவை குருயிட்நோட்டன் எனப்படுகின்றன. இவற்றைப் பெப்பர்நோட்டன் என அழைப்போர் பலர். ஆனால் அது மெல்லுவதற்கு இழுபடும் வேறொரு பண்டம்.