எல்லாக் காளானும் 'மன்னு' அல்ல

மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலை. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் என்னிடம் ஓதும் பிள்ளையொன்றின் உம்மா, சுளகு நிறைய வெள்ளைக் காளானுடன் வாசலில் நின்றார்.

"மௌலவி, ஹதீஸில வந்த காளான்தானே இது? சாறு பிழிஞ்சு மகளுக்குக் கண்ணில விடலாமோ?"

கறியாக்கலாமா என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

சகோதரிகளே! ஸஈத் இப்னு ஸைத் (ரலி) அறிவித்து, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான அந்த நபிமொழியில் உள்ள சொல் 'கம்அத்'. அதை 'மன்னு' வகை என்றும், அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்றும் அது கூறுகிறது. தமிழில் 'காளான்' என்று எழுதிப் பழகிவிட்டோம். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. நம் மண்ணில் விளையாத பொருளுக்குப் பெயர் எங்கே தேடுவது? கம்அத் அரபுப் பாலைவனத்தில் மழைக்குப் பின், மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போல் விளைவது. அதற்குக் குடையுமில்லை, காம்புமில்லை. குடைக் காளானுக்கு அரபியில் 'ஃபுத்ர்' என்று வேறு சொல்லே உண்டு.

சுளகிலிருந்த முற்றிய காளானொன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளில் பச்சை படர்ந்திருந்தது. வெப்ப நாடுகளின் புல்தரைகளில் முளைக்கும் ஒரு நச்சுக் காளானின் அடையாளம் அது. இளசில் மடிப்பு வெள்ளையாக இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். உண்டு 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் பிடிக்கும்; சிறு பிள்ளைகள் துவண்டு விடுவார்கள்.

லண்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைகள் உள்ளவர்கள் இன்னொன்றையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். அங்கே ஓக் மரத்தடியில் முளைக்கும் 'மரணத் தொப்பி' என்ற காளான், மொட்டாக இருக்கையில் நம் வைக்கோல் காளானைப் போலவே தோன்றும். 2012 தொடக்கத்தில் கன்பெராவில் அதை உண்ட இருவர் இறந்தனர். உண்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அடுத்து ஒருநாள் சுகமானது போலிருக்கும். அதற்குள் ஈரல் அழியத் தொடங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கும், நத்தை தின்றால் நல்லது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

தவறி உண்டுவிட்டால் வாந்தி நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீந்த கறியையும் சமைக்காத காளானையும் கையோடு கொண்டு போங்கள்.

அந்தச் சகோதரி சுளகைக் குழியில் கவிழ்த்து மண் மூடினார். மகளைக் கண் டாக்டரிடம் காட்டியபோது, கண்ணாடி போடச் சொன்னாராம்.