வேலையை மாற்றுமுன் கைவசம் இருப்பதைப் பாருங்கள்

ஜனவரி பிறந்ததும், அது தப்பினால் தை பிறந்ததும், வீட்டுக்கு வீடு வேலையைப் பற்றிய பேச்சு எழுகிறது. ‘இந்த வருஷமாவது ஒரு வழி பண்ணணும்’ என்று சொல்லாத குடும்பம் பெரியகுளத்திலும் குறைவு, கம்பத்திலும் குறைவு. இந்த நினைப்பு வீணானதில்லை. டாய், மில்க்மன், ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, புத்தாண்டு, மாதப் பிறப்பு, பிறந்தநாள் போன்ற நாட்களை ஒட்டி மனிதர்கள் புதிய முயற்சிகளில் இறங்குவது கூடுகிறது. பழைய தோல்விகள் பழைய கணக்கோடு போயின என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இந்த வேகத்துக்கு ஆயுள் குறைவு. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார். முதல் வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம், இரண்டு ஆண்டு கழித்து 19 சதவீதம். ஆகவே தை தருகிற ஊக்கத்தை எதில் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தெரிந்த வேலையை உதறிவிட்டுத் தெரியாததில் குதிப்பவரைவிட, தெரிந்ததிலேயே அடுத்த படியைத் தேடுபவருக்கு நிலைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது என் கட்சி.

இதற்குச் சான்று பெரியகுளத்திலேயே இருக்கிறது. முருங்கை நமக்குப் புதிய மரமில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு போத்தை வெட்டி நட்டால் போதும். வீட்டுக்குக் காய் கிடைக்கும். ஆனால் அதை வயலில் பயிரிடும் எண்ணம் முன்பு பரவலாக இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலை நிலையத்தில் உருவாகி, 1980களின் இறுதியில் வெளிவந்த பி.கே.எம். 1 ரகம் அதை மாற்றியது. விதை போட்டு வளர்க்கலாம், ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம், அறுவடை முடிந்ததும் கவாத்து செய்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். ஊரின் பெயரைத் தாங்கிய அந்த விதை இன்று ஆப்பிரிக்க நாடுகளிலும் விளைகிறது. மரமும் மண்ணும் பழையவையே. நூற்றாண்டுகளாகத் தெரிந்த ஒன்றைக் கவனமாகத் தேர்ந்து, பரிசோதித்து, அணுகுமுறையை மாற்றினார்கள். ஒரு வட்டாரத்தின் விவசாயிகளுக்கு அதிலிருந்து புதிய வருமானம் பிறந்தது.

தனிமனிதருக்கு இது பொருந்துமா? மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியின் வாழ்க்கையைப் பாருங்கள். ராணுவ மருத்துவராக இருந்த அவர் மகப்பேறு மருத்துவத்தில் சிறக்க விரும்பினார். கடுமையான மூட்டுவாத நோய் தாக்கி 1948-ல் ராணுவத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. விரல்கள் கோணிப்போயின, பிரசவ அறுவை இனி ஆகாது. மருத்துவத்தை அவர் விடவில்லை. கண் மருத்துவத்துக்கு மாறி, கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976-ல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985-ல் தேனிக்கும் அது வந்தது. இரண்டு முறை வாழ்க்கை திசை மாறியது. இரண்டு முறையும் கற்றதை முதலாக வைத்தே அடுத்ததைக் கட்டினார்.

அவர் டாக்டர், எங்களுக்கு அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதே அரவிந்த் மருத்துவமனையில் கண் பரிசோதனை, கண்ணாடி அளவெடுத்தல், அறுவைக்கு உதவுதல் போன்ற வேலைகளைப் பெரும்பாலும் செய்பவர்கள், பள்ளிப் படிப்பு முடித்துக் கிராமங்களிலிருந்து வந்து, இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண்கள். தோட்ட வேலையிலும் அப்படித்தான்: நாற்றுப்பண்ணையில் தண்ணீர் ஊற்றுபவருக்கும் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டத் தெரிந்தவருக்கும் கூலி ஒன்றில்லை. இருவரும் நிற்பது அதே பண்ணையில்தான். ஆனால் விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டியபின் வீடு திரும்பும் பெண்ணிடம் போய், புதிதாக எதையாவது கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. அவருக்கு நேரம் வேண்டும், கற்கும் நாட்களுக்குக் கூலி வேண்டும். அதை ஏற்பாடு செய்வது அரசின் கடமை, தோட்ட முதலாளிகளின் கடமை. ஏலக்காயின் பக்குவத்தைப் பார்வையாலேயே சொல்லத் தெரிந்தவர்களுக்கு, உலர்த்துவதிலும் தரம் பிரிப்பதிலும் மேலான வேலை கிடைக்காமல் போவது நமக்கும் நஷ்டம்.

இன்னொரு மறுப்பு வலுவானது: எது இருந்தாலும் அரசு வேலைக்கு ஈடாகுமா? ஆகாதுதான், மாதச் சம்பளத்தின் நிம்மதியை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் 2022 குரூப் 4 தேர்வில் முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பின்னர் இடங்கள் பத்தாயிரத்தைத் தாண்டியபோதும், 200 பேருக்கு ஓர் இடம்கூட வரவில்லை. எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை முறை எழுதுவது, எந்த ஆண்டோடு நிறுத்துவது என்று முதலிலேயே வீட்டில் பேசி முடிவெடுத்துக்கொண்டு எழுத வேண்டும். படிக்கும் ஆண்டுகளில் ஒரு கைத்தொழிலோ கணக்கு வேலையோ கூடவே வளர வேண்டும். இருபத்திரண்டு வயதில் பயிற்சி மையத்துக்குள் நுழைந்து, முப்பதில் வேறெதுவும் தெரியாமல் வெளியே வருவது பெரிய கொடுமை. அதை அந்த இளைஞரின் சோம்பல் என்று பழிப்பது அதைவிடக் கொடுமை.

சொந்தத் தொழிலுக்கு இறங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வேலையை விட்டுவிட்டு, நகையை அடகு வைத்துத் தொடங்க வேண்டாம். முருங்கை இலைப்பொடி செய்ய ஆசையா? இருக்கிற வேலையோடு சிறிய அளவில் உலர்த்தி விற்றுப் பாருங்கள். வாங்கியவர் மறுபடி கேட்டு வருகிறாரா என்று ஆறு மாதம் கவனியுங்கள். வந்தால் வங்கிக் கடனைப் பற்றி யோசிக்கலாம். வராவிட்டால் இழப்பு சின்னது.

பெரியகுளத்துக்காரர்களுக்குத் தோட்டக்கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. தேனி மாவட்ட விவசாயிகளுக்குக் காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை எது, அதில் அடுத்த படி எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தை முடிவதற்குள் அந்தத் தாளோடு ஒரு நாள் அங்கே போய், அந்தப் படிக்குப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள்.