மாவு மில்லில் போட்ட போன் நம்பர்

கும்பகோணத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “துணிக்கடையில் பில் போடும்போது நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். மறுநாளே போனைத் திறந்தால் அந்தக் கடை விளம்பரம். அவர்கள் ஆப்பில் படித்துப் பார்த்தால், ‘உங்கள் எண்ணை ஹாஷ் செய்த வடிவில் மட்டுமே கூட்டாளிகளுக்குத் தருவோம்’ என்று இருக்கிறது. ஹாஷ் என்றால் பூட்டா?”

பூட்டு இல்லை அம்மா, மாவு மில்.

மில்லின் வாயில் எதைக் கொட்டினாலும், அது ஒரு போன் நம்பராக இருந்தாலும் முழுக் கம்பராமாயணமாக இருந்தாலும், கீழே ஒரே அளவுப் பொட்டலம்தான் விழும். ‘ஷா-256’ என்ற மில்லில் அது 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம். மாவைத் திருப்பி அரிசியாக்க முடியாது. நம்பரின் கடைசி இலக்கம் 7 போய் 8 ஆனால் மாவு சற்று நிறம் மாறும் என்று நினைக்காதீர்கள்; பச்சரிசி மாவு விழவேண்டிய இடத்தில் மிளகாய்த்தூள் விழும். ஆனால் ஒரே நம்பரை நீங்கள் அரைத்தாலும் நான் அரைத்தாலும், இன்று அரைத்தாலும் அடுத்த தீபாவளிக்கு அரைத்தாலும், இம்மி பிசகாமல் அதே மாவு.

இந்தக் கடைசிக் குணத்தில்தான் எனக்கு மயக்கம். விளம்பரக்காரர்களுக்கும் அதில்தான். கடை தன் வாடிக்கையாளர் பட்டியலை அரைத்து அனுப்புகிறது. ஃபேஸ்புக், கூகுள் போன்றவை தம்மிடமுள்ள நம்பர்களை அதே மில்லில் அரைத்து வைத்திருக்கின்றன. மாவும் மாவும் ஒத்துப்போனால் ஆள் அகப்பட்டார். “நம்பரையே அனுப்பவில்லையே” என்று கடைக்காரர் சத்தியம் செய்யலாம். உண்மைதான், மாவைத்தான் அனுப்பினார்.

சரி, அந்த மாவு வேறொருவர் கையில் சிக்கினால்? அதைத் திருப்பி அரிசியாக்க அவர் மெனக்கெட வேண்டியதில்லை. உலகத்தில் எத்தனை வகை அரிசி இருக்கிறது என்று எண்ணினால் போதும். நம் மொபைல் எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்று. ஆக மொத்தமே 400 கோடி. வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, விநாடிக்கு ஆயிரம் கோடிக்கும் மேல் அரைக்கும். நாட்டின் எல்லா நம்பர்களையும் அரைத்துத் தள்ள அரை விநாடி! பொட்டலத்துக்கு 32 பைட் என்றால் மொத்தம் 128 ஜிபி. எந்த மாவு எந்த நம்பர் என்று சீட்டு ஒட்டி, ஒரு 256 ஜிபி பென்டிரைவில் அடுக்கிவிடலாம்.

மாற்று இல்லாமல் இல்லை. அரைக்கும்போது யாருக்கும் தெரியாத ஒரு சரத்தைச் சேர்த்துவிட்டால் வெளியாளின் அலமாரி பயன்படாது. அப்படிச் சேர்ப்பதற்கு இந்தத் துறையில் பெயரே ‘உப்பு’தான், மில் உவமைக்காக நான் கட்டியது இல்லை. ஆனால் கடை ஒரு உப்பும் விளம்பர நிறுவனம் வேறு உப்பும் போட்டால் மாவு ஒத்துப்போகாது. இருவரும் ஒரே உப்பைப் பகிர்ந்துகொண்டால், யாரிடமிருந்து எதை ஒளிக்கிறார்கள்? உப்புப் போட்டால் வியாபாரம் கெடும், போடாவிட்டால் ரகசியம் கெடும். அடையாளம் கண்டுபிடிப்பதற்கென்றே அரைத்த மாவை அடையாளமற்றது என்று விற்பதுதான் இதில் வேடிக்கை.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1953இல் ஐபிஎம்மின் லூன் என்பவர் தகவலைச் சட்டென்று தேடி எடுக்க யோசித்த உத்தி இது. ஷா-256ஐ வடிவமைத்தது அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ. 2014இல் நியூயார்க் நகரம் 17 கோடி டாக்ஸிப் பயணங்களின் விவரத்தை, வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் வேறொரு மில்லில் அரைத்து வெளியிட்டது. எல்லா எண்களையும் அரைத்துப் பார்த்து, சில மணி நேரத்தில் அதை உடைத்துவிட்டார் ஒரு மென்பொருள் பொறியாளர். அமெரிக்க வர்த்தக ஆணையம் ‘ஹாஷ் செய்தால் அடையாளம் போய்விடாது’ என்று 2012இல் எழுதியது, 2024இல் மறுபடி எழுதியது. ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்துகிறார்கள் என்றால் மாணவர்கள் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காட்டக்கூடிய தரவெல்லாம் தனிநபர் தரவு என்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். தலைப்புச் செய்தியாக நன்றாக இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். ஆனால் நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. பில் கவுன்டருக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த முறை “நம்பர் இல்லாம போடுப்பா” என்று சொல்லிப் பாருங்கள். கட்டத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் நகராது என்பார் பையன். பத்து பூஜ்யம் அடிக்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் மொபைல் எண் இங்கே கிடையாது. அந்த 400 கோடிப் பொட்டலங்களில் தேடினாலும் அந்த மாவு அகப்படாது.